டேப்லட் சந்தையின் ஆரம்ப ஆண்டுகள் (2010–2012): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் விற்கும் கடையில் பல வருடம் நின்றவன் நான். இப்போது ஒரு கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, மார்க்கெட்டிங் பாடம். டேப்லட் கதையை எடுத்தாலே ஒவ்வொரு வருடமும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பழைய வாடிக்கையாளர்களும் இதையே கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

டேப்லட்டைக் கண்டுபிடிச்சதே ஆப்பிள்தானே சார்?

இல்லை. 1972இலேயே ஆலன் கே என்ற அமெரிக்கர், குழந்தைகள் கையில் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய 'டைனாபுக்' என்ற கணினியைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். அது காகிதத்தோடு நின்றது. 1989இல் கிரிட்பேட் என்று பேனாவால் எழுதும் பலகை விற்பனைக்கே வந்தது. ஆப்பிளும் 1993இல் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை விட்டுப் பார்த்து, 1998இல் கடையைக் கட்டியது.

பொருள் பழையதுதான். அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் வந்தது 2010இல். என் வகுப்புக்கு முக்கியம் இந்த இரண்டாவது விஷயம்.

மைக்ரோசாஃப்ட் பத்து வருஷம் முன்னாடியே கொண்டுவந்தாங்களாமே, அது ஏன் ஓடல?

2001இல் பில் கேட்ஸ், இன்னும் ஐந்து வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி இதுதான் என்று சொன்னார். 2002 நவம்பரில் விண்டோஸ் எக்ஸ்பி டேப்லட் பதிப்பு வந்தது. பல கம்பெனிகள் கருவி செய்தன. விலை நல்ல லேப்டாப்பைவிட அதிகம், எடையோ லேப்டாப்புக்குக் கொஞ்சம்தான் குறைவு. விரலால் தொட்டால் ஒன்றும் நடக்காது, அதற்கென்று கொடுத்த பேனா வேண்டும். அந்தப் பேனாவைத் தொலைத்தால் முடிந்தது.

எனக்குத் தெரிந்து பெரிய தவறு வேறு. மவுஸுக்காகச் செய்த விண்டோஸை அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். மூடுகிற பொத்தான் கடுகளவு. ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், கிடங்கு மாதிரி நின்றுகொண்டே படிவம் நிரப்பும் இடங்களில் அது ஓடியது. வீட்டுக்குள் வரவில்லை.

முதல் ஐபேடுல கேமரா கூட இல்லையாம். அதை எப்படி வரிசைல நின்னு வாங்கினாங்க?

கேமரா இல்லை. யுஎஸ்பி இல்லை. இணையத்தில் வீடியோவும் விளையாட்டும் ஓட வைத்த ஃபிளாஷ் என்ற மென்பொருள் ஓடாது, அப்போது பாதி இணையம் ஃபிளாஷில்தான் இருந்தது. 2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அறிமுகம் ஆனபோது, 'பெரிய சைஸ் ஐபாட் டச்' (ஆப்பிளின் தொடுதிரைப் பாட்டுக் கருவி) என்று கிண்டல் செய்தவர்கள் ஏராளம். ஏப்ரல் 3 அன்று விற்பனைக்கு வந்தது. முதல் நாளே 3 லட்சம். 28 நாளில் 10 லட்சம். அமெரிக்காவுக்கே சரக்கு போதாமல், மற்ற நாடுகளுக்கு அனுப்புவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். அந்த வருட முடிவுக்குள் ஒன்றரைக் கோடிக்கு அருகில் விற்றுவிட்டது.

இல்லாதவற்றின் பட்டியலைக் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள்தான் போட்டார்கள். வாங்கியவர்கள் பார்த்தது வேறு: தொட்ட உடனே விழிக்கிறது, பத்து மணி நேரம் சார்ஜ் நிற்கிறது, 680 கிராம், வைரஸ் பயம் இல்லை, யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐபோன் தொட்டவருக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. விற்பனை தொடங்கிய அன்றே ஐபேடுக்கென்று செய்த ஆப்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஐபோனுக்குச் செய்த ஒன்றரை லட்சம் ஆப்களும், அழகில்லாமல்தான் என்றாலும், அதில் ஓடின.

499 டாலர்னா அப்போ கம்மி விலையா? ஆப்பிள்னாலே ஜாஸ்திதானே?

அறிமுகத்துக்கு முன்னால் எல்லார் வாயிலும் இருந்த விலை 999 டாலர். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அந்த 999ஐத் திரையில் பெரிதாகக் காட்டி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தார். பிறகு அதை நொறுக்கிக் கீழே தள்ளிக்கொண்டு 499 வந்து விழுந்தது. ஜவுளிக்கடையில் பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலை எழுதுவதே வேலைதான், மேடை மட்டும் பெரிசு.

ஆனால் விலை நிஜமாகவே கீழே இருந்தது. 16 ஜிபி, வைஃபை மட்டும் உள்ளது 499. 32 ஜிபிக்கு 599, 64 ஜிபிக்கு 699. சிம் போடும் வசதி வேண்டுமானால் எதிலும் 130 டாலர் கூட. பிரித்துப் பார்த்து உதிரி விலை கணக்கிட்ட ஐசப்ளை நிறுவனம், 499 டாலர் கருவிக்குள் சுமார் 260 டாலர் பொருள் இருப்பதாகச் சொன்னது. லாபமும் இருந்தது, போட்டியாளருக்கு மூச்சு முட்டும் விலையாகவும் இருந்தது. ஆப்பிள் பொருள் 'ஜாஸ்தி' என்ற வழக்கமான கணக்கு இந்த ஒரு பொருளில் இரண்டு மூன்று வருடத்துக்குத் தலைகீழாக நின்றது.

மத்தவங்களால அதே விலைக்கு ஏன் தர முடியல? சீனால எல்லாருக்கும் ஒரே ஃபேக்டரிதானே?

ஃபேக்டரி ஒன்றாக இருக்கலாம், கல்லா ஒன்றில்லை. ஆப்பிளுக்கு அந்த நேரத்தில் ஐபோனும் ஐபாடும் விற்ற பணம் குவிந்து கிடந்தது. அதை வைத்துத் திரை, மெமரி போன்றவற்றுக்கு முன்பணம் கொடுத்து உற்பத்தியையே பிடித்து வைத்தார்கள். 2011 ஜனவரியில் அவர்களே சொன்ன தொகை: இரண்டு வருடத்தில் 390 கோடி டாலர். தீபாவளிக்கு முன்னால் ஊரிலுள்ள மொத்த வெல்லத்தையும் ஒருவரே வாங்கிவிட்டால் மற்ற கடைக்காரர் எந்த விலைக்கு அதிரசம் போடுவார்?

இன்னும் இரண்டு காரணம். சிப்பை ஆப்பிளே வடிவமைத்தது. (அதைச் செய்து கொடுத்தது சாம்சங் தொழிற்சாலை. போட்டியாளருக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விட்ட கதை.) அடுத்தது சொந்தக் கடைகள். மற்றவர்கள் விலையில் கடைக்காரன் கமிஷன், டெலிபோன் கம்பெனி கமிஷன் எல்லாம் ஏறும். நான் அந்தக் கமிஷனில் சோறு சாப்பிட்டவன் என்பதால் அதன் அளவு தெரியும்.

யார் வாங்கினாங்க? லேப்டாப்பும் போனும் இருக்கும்போது எதுக்கு இது?

எங்கள் கடையில் காட்சிக்கு ஒரு டேப்லட் வைத்திருந்தோம். அப்பா, அம்மா, பெண் குழந்தை என்று வருவார்கள். அப்பா கேட்கும் முதல் கேள்வி, "இதுல டாலி ஓடுமா?" (வியாபாரக் கணக்கு எழுதும் மென்பொருள் அது.) இரண்டாவது, "பென்டிரைவ் குத்தலாமா?" இரண்டுக்கும் இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விடும். அதற்குள் குழந்தை ஏதோ ஒரு மீனைத் திரையில் துரத்திக்கொண்டிருக்கும். அம்மா குனிந்து சமையல் படம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு இது குறைபாடுள்ள லேப்டாப். மற்ற இருவருக்கும் அது லேப்டாப்பே இல்லை.

அமெரிக்காவிலும் வாங்கியவர்கள் அதை வேலைக்கு வைத்துக்கொண்டதைவிட சோபாவிலும் படுக்கையிலும் வைத்துக்கொண்டதுதான் அதிகம். மெயில், செய்தி, வீடியோ, விளையாட்டு. ஆக இது லேப்டாப்புக்கு மாற்று என்று விற்றவர்கள் தோற்றார்கள். லேப்டாப்பை எடுக்கச் சோம்பலாக இருக்கும் நேரத்துக்கு என்று விற்றவர் ஜெயித்தார். அந்தச் சோம்பலுக்கு ஒருவர் எவ்வளவு கொடுப்பார் என்பதே மிச்சக் கதை.

சாம்சங் ரெண்டே மாசத்துல 10 லட்சம் வித்துச்சாமே, அது பொய்க் கணக்கா?

பொய் இல்லை, வேறு கணக்கு. 2010 செப்டம்பரில் பெர்லினில் 7 அங்குல கேலக்ஸி டேப் அறிமுகமானது, நவம்பரில் அமெரிக்காவுக்குப் போனது. வருடக் கடைசிக்குள் 10 லட்சம், கொஞ்ச நாளில் 20 லட்சம் என்று எண்ணிக்கை வந்தது. 2011 ஜனவரி இறுதியில் முதலீட்டாளர்களுடன் பேசிய சாம்சங் அதிகாரி, அது கடைகளுக்கும் டெலிபோன் கம்பெனிகளுக்கும் அனுப்பிய எண்ணிக்கை என்றார். மக்கள் வாங்கியது 'மிகக் குறைவு' என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவியது. பதிவை மறுபடி கேட்டபோது, அவர் ஆங்கிலத்தில் சொன்னது 'குறைவு' இல்லை, 'சீராகப் போகிறது' என்று திருத்தினார்கள். இரண்டு ஆங்கிலச் சொல்லும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் இது தினசரி. கம்பெனி ஆள் மாதக் கடைசியில் வந்து "இன்னும் பத்து பீஸ் எடுத்துக்குங்க, டார்கெட்" என்று தள்ளிவிட்டுப் போவார். அவர் கணக்கில் பத்து விற்றாயிற்று. என் அலமாரியில் பத்தும் அப்படியே இருக்கும். அந்த நாட்களில் ஆப்பிள் சொன்னதும் கம்பெனியிலிருந்து போன கணக்குத்தான், ஆனால் கடைகளில் எத்தனை வாரச் சரக்கு நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். பின்னால் 2012இல் சாம்சங்மேல் ஆப்பிள் போட்ட வழக்கு அமெரிக்காவில் நடந்தபோது சாம்சங்கின் ஆவணங்கள் வெளியே வந்தன: 2010 கடைசியிலிருந்து 2012 நடுவரை அமெரிக்காவில் விற்றது மொத்தமாகச் சுமார் 14 லட்சம்.

டேப்லட்ல சிம் போட்டா நல்லதுதானே? அது எப்படி விற்பனையைக் கெடுக்கும்?

சிம் கெடுக்கவில்லை, ஒப்பந்தம் கெடுத்தது. கேலக்ஸி டேப் அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனிகள் வழியாகத்தான் முதலில் வந்தது. ஒப்பந்தம் இல்லாமல் 600 டாலர். குறைத்துத் தருகிறேன் என்றால் இரண்டு வருடம் மாதாமாதம் டேட்டா பில். ஏற்கனவே போனுக்கு ஒரு பில், வீட்டு இணையத்துக்கு ஒரு பில் கட்டுகிறவர் சோபாவில் பார்க்கும் பொருளுக்கு மூன்றாவது பில் கட்டுவாரா?

ஆப்பிள் இந்த இடத்தில் கெட்டியாக இருந்தது. 3ஜி ஐபேடுக்கும் ஒப்பந்தம் கிடையாது. தேவைப்பட்ட மாதம் 14.99 டாலர் கட்டி 250 எம்பி போட்டுக்கொள்ளலாம், அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். வைஃபை மட்டும் உள்ள 499 டாலர் கருவியோ எந்தக் கம்பெனியையும் கேட்காமல் வாங்கக்கூடியது.

மோட்டோரோலா ஸூம் ஸ்பெக்ஸ்ல ஐபேடைவிட மேலதானே? அது ஏன் விழுந்துச்சு?

ஸ்பெக்ஸ் பிரமாதம். 10.1 அங்குலம், இரட்டை கோர், 1 ஜிபி ரேம், முன்னும் பின்னும் கேமரா. டேப்லட்டுக்கென்றே கூகுள் செய்த ஆண்ட்ராய்டு 3.0 ஹனிகோம்ப் முதலில் இதில்தான் வந்தது. (அதற்கு முந்தைய 2.2 டேப்லட்டுக்கு ஏற்றதில்லை என்று கூகுளே சொல்லியிருந்தது, கேலக்ஸி டேப் அதில்தான் ஓடியது.) 2011 பிப்ரவரி 24 அன்று விற்பனை. விலை 799 டாலர். அதே 32 ஜிபி, 3ஜி ஐபேட் 729.

பெட்டியைத் திறந்தால் மெமரி கார்டு ஓட்டை இருக்கும், கார்டு வேலை செய்யாது, அப்டேட் வரும் என்றார்கள். ஃபிளாஷ் ஓடும் என்பது ஆப்பிளுக்கு எதிரான பெரிய ஆயுதம், விற்பனைக்கு வந்த அன்று அதுவும் தயாரில்லை. 4ஜி வேண்டுமா, கருவியைத் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். ஹனிகோம்புக்கென்று செய்த ஆப்கள் நூறு இருந்தால் அதிகம். ஒரு வாரத்தில், மார்ச் 2 அன்று, ஐபேட் 2 அறிமுகம்: 8.8 மில்லிமீட்டர் தடிமன், 601 கிராம், விலை பழைய 499தான். முதல் காலாண்டில் மோட்டோரோலா அனுப்பியது இரண்டரை லட்சம், அதுவும் முந்தைய பதிலில் சொன்ன 'அனுப்பிய' கணக்கு.

பிளாக்பெரி டேப்லட்ல மெயிலே இல்லையாமே, நிஜமாவா?

நிஜம். மெயிலுக்காகவே பெயர் வாங்கிய கம்பெனி, 2011 ஏப்ரல் 19 அன்று விற்பனைக்கு விட்ட பிளேபுக்கில் சொந்த மெயிலும் இல்லை, காலண்டரும் இல்லை. பக்கத்தில் ஒரு பிளாக்பெரி போன் வைத்து, அதை இணைத்துப் பார்க்க வேண்டும். பிளாக்பெரி இல்லாதவர் பிரவுசரில்தான் மெயில் பார்க்கணும். அந்த மெயில் ஆப் வந்து சேர 2012 பிப்ரவரி ஆகிவிட்டது. அத்தனைக்கும் விலை 499, திரை 7 அங்குலம்.

முதல் காலாண்டில் 5 லட்சம் கடைகளுக்குப் போனது. அடுத்ததில் 2 லட்சம், அதற்கடுத்து ஒன்றரை லட்சம். 2011 டிசம்பரில் விற்காத சரக்குக்காக 48.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். கருவி என்று பார்த்தால் கையில் பிடிக்க அருமையாக இருக்கும், ஒரே நேரத்தில் பல ஆப் ஓடுவதும் அழகு. இன்றும் எனக்கு அதன்மேல் ஒரு பரிதாபம் உண்டு.

ஹெச்பி டச்பேட் 49 நாள்ல முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. அவ்வளவு மோசமா?

2010இல் 120 கோடி டாலர் கொடுத்து கையடக்கக் கருவிகள் செய்த பாம் கம்பெனியை ஹெச்பி வாங்கியது. அதிலிருந்து கிடைத்த வெப்ஓஎஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் அதைப் புகழ்ந்தார்கள். அதை வைத்துச் செய்த டச்பேட் 2011 ஜூலை 1 அன்று 499 டாலருக்கு வந்தது. திரை ஐபேட் அளவேதான், ஆனால் ஐபேட் 2ஐவிடத் தடிமன், எடை 740 கிராம், வேகமும் மந்தம். ஆகஸ்டில் 100 டாலர் குறைத்தும் அசையவில்லை. ஆகஸ்ட் 18 அன்று, டச்பேடை நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். தலைவர் லியோ அபோதேக்கரின் வேலை அடுத்த மாதம் போனது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வகுப்பில் நான் அதிக நேரம் எடுக்கும் இடம். மிச்சச் சரக்கை 99 டாலருக்குத் தள்ளினார்கள். வலைத்தளங்கள் திணறின, கடைகளில் ஒரே நாளில் காலி. கம்பெனி கைவிட்ட பொருள், இனி ஆப் வராது என்று தெரிந்தே வாங்கினார்கள். தேவை தாங்காமல் ஹெச்பி இன்னொரு முறை உற்பத்தியே செய்தது. அமெரிக்கச் சில்லறை விற்பனையை எண்ணும் என்பிடி நிறுவனக் கணக்கில், 2011இன் முதல் பத்து மாதத்தில் ஐபேட் தவிர்த்து விற்றவை 12 லட்சம், அதில் முதல் இடம் ஹெச்பிக்கு, 17 சதவீதம். செத்த பொருள் இரண்டாம் பரிசு வாங்கியது.

99 டாலருக்குக் கொடுத்தா எவனும் வாங்குவான். இதுல என்ன சார் பாடம் இருக்கு?

நல்ல கேள்வி, இதைக் கேட்ட பையனுக்கு அன்று டீ வாங்கிக் கொடுத்தேன். அதுவரை எல்லாரும் சொன்னது, 'ஐபேட் அல்லாத டேப்லட் மக்களுக்கு வேண்டாம்' என்பது. டச்பேட் அதைப் பொய்யாக்கியது. வேண்டும்தான், 499க்கு வேண்டாம். 499 கொடுக்கத் தயாரான ஆள் ஐபேடையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அந்தச் சோம்பலுக்கு (ஆறாவது கேள்வி) 100, 200 டாலர் கொடுக்க இன்னொரு பெரிய கூட்டம் காத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். ஸூம், பிளேபுக், டச்பேட் எல்லாம் வரிசையாக வந்து அந்தப் பள்ளத்தில்தான் விழுந்தன.

அமேசான் கிண்டில் ஃபயரை நஷ்டத்துக்கே வித்தாங்களாமே?

199 டாலர். 2011 செப்டம்பர் 28 அறிவிப்பு, நவம்பர் நடுவில் கைக்கு வந்தது. ஐசப்ளை பிரித்துப் பார்த்துச் சொன்ன செலவு 201.70 டாலர். கப்பல், விளம்பரம் எல்லாம் தனி. ஆக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போயிருக்கும். கேமரா இல்லை, மைக் இல்லை, 3ஜி இல்லை, 8 ஜிபிதான். எதை வெட்டினால் வாங்குகிறவர் கவலைப்பட மாட்டார் என்று உட்கார்ந்து யோசித்து வெட்டியிருக்கிறார்கள். பணம் புத்தகத்திலும் படத்திலும் வரும் என்பது கணக்கு. மோட்டோரோலாவுக்கு விற்கப் புத்தகமும் இல்லை, படமும் இல்லை.

சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசியின் மதிப்பீட்டில் அந்தக் காலாண்டில் 47 லட்சம் போயின, சந்தையில் 16.8 சதவீதம். ஆப்பிள் 54.7. ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த காலாண்டில் அமேசானின் பங்கு 4 சதவீதத்துக்கு விழுந்தது. பரிசுக்கு வாங்கும் பொருளின் குணம் அது. பள்ளத்தின் அந்தக் கரையில் ஆள் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. 2012 ஜூனில் கூகுளும் அதே 199க்கு நெக்ஸஸ் 7 கொண்டுவந்தது.

7 இன்ச்சை ஸ்டீவ் ஜாப்ஸ் கேலி பண்ணிட்டு, ஆப்பிளே அப்புறம் செஞ்சது ஏன்?

2010 அக்டோபரில், 7 அங்குலத்தில் தொட வேண்டுமானால் விரலைத் தேய்த்துச் சின்னதாக்க உப்புத்தாளும் சேர்த்துக் கொடுக்கணும் என்றார். 2012 அக்டோபர் 23 அன்று 7.9 அங்குல ஐபேட் மினி அறிமுகமானது, 329 டாலருக்கு. ஜாப்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்பே இறந்துவிட்டார். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

கோர்ட்ல ஆப்பிள் ஜெயிச்சதாலதான் மத்தவங்க எழும்பலையா?

வழக்கு இழுத்தடித்தது உண்மை. 2011 ஆகஸ்டில் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நீதிமன்றம் கேலக்ஸி டேப் 10.1க்குத் தடை போட்டது. சாம்சங் சட்டத்தை மாற்றி '10.1என்' என்று திரும்ப விற்றது. சட்டம் என்றால் திரையைச் சுற்றியுள்ள சட்டம், கோர்ட் சட்டம் இல்லை. 2012 ஜூலையில் லண்டன் நீதிபதி காலின் பர்ஸ், சாம்சங் டேப்லட் ஐபேடின் நகல் அல்ல, அந்த அளவுக்கு 'கூல்' இல்லை என்று தீர்ப்பு எழுதினார். சாம்சங்குக்கு வெற்றிதான், ஃபிரேம் போட்டு மாட்ட முடியாத வெற்றி. அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்க ஜூரி, சாம்சங் 105 கோடி டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று சொன்னபோதும், ஐபேட் வடிவத்தை 10.1 மீறவில்லை என்றே முடிவெடுத்தது. விலைப் பள்ளத்தில் விழுந்தவர்களைக் கோர்ட் தள்ளிவிட்டது என்று சொல்ல முடியாது.

இந்தியாவுல அப்போ என்ன நிலைமை? நம்ம ஊர்ல ஏன் ஐபேட் அவ்வளவா தெரியல?

கேலக்ஸி டேப் 2010 நவம்பரிலேயே வந்துவிட்டது, விலை 38,000 ரூபாய். ஐபேட் அதிகாரபூர்வமாக வந்தது 2011 ஜனவரி 28, ஆரம்ப விலை 27,900. அதற்குள் அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளைகள் கொண்டுவந்தது கொஞ்சம் புழங்கியது. ஆனால் இங்கே பிரச்சினை விலை மட்டுமில்லை. சோபாவில் பார்க்க வீட்டில் வைஃபை வேண்டுமே. பெரும்பாலான வீடுகளில் இணையம் என்றால் லேப்டாப்பில் குத்தும் டாங்கிள். ஐபேடில் அதைக் குத்த இடமில்லை. 3ஜியும் தனியார் கம்பெனிகளிடம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

அதனால் இங்கே ஓடிய சரக்கு வேறு ஜாதி. சிம் போட்டுப் பேசலாமா, டாங்கிள் குத்தலாமா என்ற இரண்டு கேள்வியில் ஒன்றுக்காவது 'ஆமாம்' சொன்ன 7 அங்குலங்கள். 2011இல் ரிலையன்ஸ் 3ஜி டேப் 12,999, 2012 ஏப்ரலில் மைக்ரோமேக்ஸ் ஃபன்புக் 6,499. பல கருவிகளில் ஒரு கூடுதல் கொடுமை: தமிழ் எழுத்துருவே இருக்காது, செய்தித் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஓபெரா மினி என்ற பிரவுசரைப் போட்டு, அதன் செட்டிங்கில் எழுத்தைப் படமாகக் காட்டச் சொல்லி மாற்றிக் கொடுப்பேன். அந்த ஒரு வேலைக்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு.

ஆகாஷ் டேப்லட் என்ன ஆச்சு? அது ஊழலா?

அந்தக் கடைசி வார்த்தைக்குள் நான் போகவில்லை. நடந்தது இது: 2011 அக்டோபர் 5 அன்று அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் மாணவர்களுக்கான இந்த மலிவு டேப்லட்டை வெளியிட்டார். டேட்டாவிண்ட் கம்பெனி செய்தது, அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய், மாணவர்களுக்கு அதில் பாதி. 366 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ரேம், மூன்று மணி நேரம் போலச் சார்ஜ். சோதனை எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பதில் ஐஐடி ராஜஸ்தானுக்கும் கம்பெனிக்கும் தகராறு. அடுத்த வருடம் பொறுப்பு ஐஐடி பம்பாய்க்கு மாறி, 2012 நவம்பரில் தேறிய ஆகாஷ் 2 வந்தது.

முதல் ஆகாஷின் திரை அழுத்த வேண்டிய வகை. ஐபேட் திரை, விரல் பட்டதும் தன் மின்புலத்தில் வரும் மாற்றத்தை உணரும், பட்டாலே போதும். அழுத்தும் வகையில் மேல் தாள் கீழ்த் தாளில் முட்ட வேண்டும். அதே வகைத் திரையோடு வேறொரு மலிவு டேப்லட்டை, பெயர் வேண்டாம், நாங்களும் விற்றோம். வாங்கியவர்கள் விரலை விட்டுவிட்டு நகத்தால் அழுத்தப் பழகிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ரிப்பேருக்கு வரும்போது திரையில் 'அடுத்து' பொத்தான் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு தேய்மானம். விலை குறைந்தால் தேவை வரும் என்றேன், ஆனால் 99 டாலர் டச்பேடுக்குள் இருந்தது 499 டாலர் கருவி. 2,276 ரூபாய்க்குள் இருந்தது 2,276 ரூபாய்க் கருவி. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு டேப்லட் கொடுக்காமல் லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியா மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கொண்டுவந்தாங்களே, அதுவும் அதே பள்ளம்தானா?

அதே பள்ளம், அதே 499. 2012 அக்டோபர் 26 அன்று வந்த சர்ஃபேஸ் ஆர்டி பார்க்க விண்டோஸ், ஆனால் பழைய விண்டோஸ் புரோகிராம் ஒன்றும் ஓடாது. எங்கள் கடை அப்பா கேட்ட டாலி கேள்விக்கு இதிலும் பதில் இல்லை என்பதுதான். கீபோர்டுக்குத் தனிக் காசு. 2013 ஜூலையில் 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினார்கள். பிளேபுக்கின் தொகையைப் பார்த்துவிட்டும் எழுதினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவ்வளவு வேகமா ஏறின விற்பனை அப்புறம் ஏன் நின்னுபோச்சு?

வாங்கியவர் மறுபடி வாங்கவில்லை. போன் கீழே விழும், பாக்கெட்டில் நசுங்கும், இரண்டு வருடத்தில் மாற்றுவோம். டேப்லட் சோபாவிலேயே கிடக்கிறது, நான்கைந்து வருடம் உழைக்கிறது. அதற்குள் போன் திரையும் ஐந்தரை, ஆறு அங்குலம் என்று வளர்ந்துவிட்டது. 7 அங்குலம் வாங்கக் காரணமே இல்லாமல் போனது.

வீட்ல பழைய முதல் ஐபேட் ஒன்னு கிடக்கு. வித்தா எவ்வளவு போகும்?

பயன்பாட்டுக்கு என்றால் ஒன்றும் போகாது. அதன் மென்பொருள் 5.1.1 பதிப்போடு நின்றுவிட்டது, இன்றைய ஆப் எதுவும் ஏறாது. பாட்டு கேட்கலாம், புகைப்படச் சட்டமாக வைக்கலாம். டச்பேட் வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் அதில் ஆண்ட்ராய்டு ஏற்றி இன்னும் சில வருடம் ஓட்டினார்கள், ஐபேடில் அந்த வழி இல்லை.

எடுத்துப் பார்க்கும்போது முதலில் மேஜைமேல் சமமாக வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜர் குத்த வேண்டாம், கத்தியால் நெம்பித் திறக்கவும் வேண்டாம். மின்குப்பை எடுப்பவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.